ரெண்டு விரல் எட்டாத டாப்பு

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டோரம் எங்கள் கடை. முன்பக்கம் நான் ஆட்டோவுக்கு சீட்டும் டாப்பும் தைப்பேன். பின்பக்கம் என் வீட்டுக்காரர் வண்டி ரிப்பேர் பார்ப்பார். டவுனில் ஒரு பழைய பங்களாவில் துருப்பிடித்துக் கிடந்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை, சரிபண்ணி விற்கப்போகிறேன் என்று அவர் கட்டி இழுத்து வந்தபோது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ரெண்டே சீட்டு. கூரை கிடையாது, துணி டாப்பைத்தான் வேண்டும்போது மூடி, வேண்டாதபோது மடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் துணியும் மக்கிப்போயிருந்தது.

இரண்டு வருஷம் மனுஷன் அதிலேயே கிடந்தார். இன்ஜின் ஓடியது, சிவப்பு பெயின்ட் மின்னியது. கடைசியில், "டாப்ப மட்டும் மெட்ராஸ்ல குடுத்துத் தச்சிக்கலாம்டி" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன், நான் இன்னா செத்தா போயிட்டன்? இந்த ஊரு ஆட்டோவெல்லாம் யாரு தச்ச டாப்புல ஓடுது?" என்று கத்திவிட்டு அன்றைக்கே ரெக்சினை எடுத்து அளந்தேன்.

சித்திரை வெயிலில் வைத்து, ஆட்டோவுக்கு இழுப்பது போலவே தொய்வில்லாமல் இழுத்துப் பிடித்துத் தைத்தேன். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

மார்கழியில், ரிட்டயரான ஒருவர் பெங்களூரிலிருந்து வண்டியை விலைக்குக் கேட்டார். போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "டாப்பு சுத்தமா மூடணும். மூடலன்னா எனக்கு வண்டி வேணாம்." திங்கட்கிழமை காலை வருவதாகப் பேச்சு. முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர், திறந்து வைத்தால்தான் வண்டிக்கு அழகு என்று, தைத்த நாளிலிருந்து மூடியே கிடந்த டாப்பை மடித்து வைத்துவிட்டார்.

விடியற்காலைப் பனியில் இழுத்து மூடினால், முன்கண்ணாடி மேலுள்ள கொக்கிக்கு ரெண்டு விரல் எட்டவில்லை. குளிரில் ரெக்சின் சுருங்கியிருந்தது. ஆட்டோ டாப்பை யார் மடிக்கிறார்கள், எனக்கு இது தெரிய? நான் இழுத்தேன், இவர் இழுத்தார். "அப்பவே சொன்னன், மெட்ராஸ்னு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரெண்டு வருஷ உழைப்பு என் வாய்க்கொழுப்பால் போகப்போகிறதே!

அந்த நேரம் பார்த்து வாடகைக் காரில் வந்து இறங்கினார் அந்தப் பெங்களூர்ப் பெரியவர். மணி ஏழரை.

"வண்டியப் பின்னால வெயிலுக்குத் தள்ளுய்யா, அவர நான் பாத்துக்கறன்" என்று இவரிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

"வாங்க சார். திங்கக்கெழம, ஏழரையிலேருந்து ஒம்போது வரைக்கும் ராகுகாலம். இப்ப வண்டியப் பாக்க வேணாம். கை கழுவுங்க, இட்லி சாப்புடுங்க."

அவரும் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு இட்லி வைத்ததும் பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சூரியனுக்கு அன்றைக்கென்று சோம்பேறித்தனம். நாலு இட்லி முடிந்தது, அவரே தோசை கேட்டார், ஊற்றினேன். பிறகு காபி.

ஒன்பது மணிக்குப் பின்பக்கம் போனோம். இவர் டாப்பை இழுத்தார். டக்கென்று கொக்கி மாட்டியது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. பெரியவர் தையலைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டு மேலே ஊற்றினார். உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"எடுத்துக்கறேன்" என்றார்.

என் வாய் சும்மா இருக்குமா? "சார், ஒண்ணு சொல்லிடறன். காலையில இது மூடல. குளிர்ல சுருங்குது. கொஞ்ச நேரம் வெயில்ல போட்டுட்டு மூடுங்க." இவர் என்னை முறைத்தார்.

பெரியவர் சிரித்துவிட்டார். "தெரியும்மா. நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கு ஏது ராகுகாலம்? ஒவ்வொரு இட்லிக்கும் ஓடிப்போய் வெயிலப் பாத்தீங்களே, அதுக்குத்தான் தோசையும் கேட்டேன்."

வெட்கமாகிவிட்டது எனக்கு. ஆனால் அவர் பணத்தைக் கொடுத்து, டாப்பை மடித்துவிட்டு வண்டியைக் கிளப்பியதும் வெட்கமெல்லாம் பறந்துவிட்டது.

"இன்னா சார், மடிச்சிட்டீங்க? நான் தச்சத கடலூர் ரோட்டுல நாலு பேரு பாக்க வேணாமா?"

வண்டி நின்றது. மனுஷன் இறங்கி, டாப்பை இழுத்து, கொக்கியை மாட்டினார். அந்த வெயிலில் வேர்த்து வழிய, டாப்பு மூடியபடியே ஓட்டிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டாப்பைத்தான் பார்த்தார்கள், சத்தியமாக.