வலது கையால் தூக்கக்கூடியது

சைரகானைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தால் சண்டைக்கு வருவாள், வரட்டும். நான் இன்று அடுப்பருகே உட்கார்ந்து டீ உறிஞ்சிக்கொண்டிருக்கிறேன் என்றால் அது அவள் புண்ணியம். அதைச் சொல்லாமல் இருந்தால் குடிக்கிற டீ தொண்டையில் இறங்காது.

எங்கள் மலையூரிலிருந்து கணவாய் தாண்டி நாரின் நகரத்துக்கு டாக்சி ஓட்டுகிறாள். வயது ஐம்பதைத் தொடும். புருஷன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அவன் விட்டுப்போன பழைய பெட்ரோல் கார்தான் அவள் பிழைப்பு. "ஆளு ஓடிட்டான், வண்டி என்னை விட்டு ஓடல பாருங்க, எது நல்ல சரக்குன்னு தெரியுதா?" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நான் இஷென். கம்பளிக் கிடங்கில் மூட்டை தூக்கியவன். ஊர்த் திருவிழா மல்யுத்தத்தில் என்னைத் தரையில் சாய்த்தவர்கள் குறைவு. இப்போது சிறுநீரகம் இரண்டும் என்னைக் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் நாரின் மருத்துவமனையில் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கி மூச்சு திணறும். அடுத்ததும் தவறினால் என் வீட்டில் அழ ஆள் கூடிவிடும். அந்தச் சிகிச்சைக்காக இடது கையின் ரத்தக்குழாயைக் கோத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் கெட்டிலைக்கூடத் தூக்கக் கூடாது.

மருத்துவமனையில் காலை நேரத்துக்குத்தான் எனக்குப் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற டிரைவர்கள் வண்டி நிறையும் வரை கடைத்தெருவில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு நிற்பார்கள். சைரகான் மட்டும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் விடியுமுன் என் வாசலில் ஹாரன் அடிப்பாள். சிகிச்சை முடியும்வரை நகரத்தில் காத்திருந்து, துவைத்துப் போட்ட துணி மாதிரி வெளியே வரும் என்னைப் போர்வையில் சுற்றி, திரும்பக் கூட்டி வருவாள். நன்றி சொன்னால் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவாள்.

எங்கள் ஊர்க் குளிரில் காரை வெளியே விடலாம், பேட்டரியை விட முடியாது. ராத்திரி அதைக் கழற்றி வீட்டுக்குள் தூக்கி வந்துவிடுவோம். வாசலுக்கு நேர் எதிரே, பெரிய விருந்தாளியை உட்கார வைக்கும் 'தோர்' என்கிற இடத்தில், கம்பளி விரிப்பின் மேல் அது உட்காரும். குளிர் எட்டாத இடம் அதுதான். மாமனாரே வந்தாலும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். எங்கள் பெண்கள் மாப்பிள்ளை பார்க்கப் போகிற வீட்டில் தோரில் நல்ல பேட்டரி இருக்கிறதா என்று கவனிப்பார்கள் என்று ஒரு கேலியும் உண்டு.

இலையுதிர் காலத்தில் சைரகானுக்குக் குடலிறக்க அறுவை நடந்தது. இனி கனமான எதையும் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு மாமிர் தினமும் வந்து அவள் பேட்டரியை உள்ளே வைப்பான், காலையில் வெளியே மாட்டுவான். ஆனால் அவனும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியது. பிறகு யார் தூக்குவது? நானா? என்னை நினைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் பயமும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

அன்று சிகிச்சை முடிந்ததும் சைரகான் என்னை நேராக நாரின் சந்தைக்குக் கூட்டிப்போனாள். "ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கப் போறோம்ணே. கையடக்கமா இருக்குமாம். மாட்டி அமுக்கினா செத்த வண்டியும் எந்திரிக்குமாம்" என்றாள். வண்டிச் சாமான் விற்கும் எர்மெக் என்பவன் ஒரு கையில் இறைச்சி வைத்த சாம்சா ரொட்டியைக் கடித்துக்கொண்டே மறு கையால் பெட்டிகளை அடுக்கினான்.

"இத பாருங்கக்கா, ரெண்டாயிரம் ஆம்பியர்! விமானத்தையே கிளப்பலாம்!"

"எங்கிட்ட விமானம் இல்ல தம்பி. உங்கிட்ட ஒரு கேள்வி. என் வண்டி பெட்ரோலா டீசலா, எவ்ளோ பெரிய இன்ஜின், ஏதாச்சும் கேட்டியா? அட்டையில போட்ட நம்பர படிக்க எனக்கும் தெரியும்."

அவன் சாம்சாவைக் கீழே வைத்தான். ரெண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, விமானத்தை ஓரம் கட்டி, நான்கைந்தை மட்டும் விட்டான். சைரகான் கிளிப்புகளைக் கவ்வவைத்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றின் பல் தகரம் போல வளைந்தது, அது போயிற்று. பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் என்னாகும் என்று கேட்டாள். கத்தும், கரண்ட் விடாது என்று அவன் சொன்னதை நம்பாமல் அவள் காரிலேயே மாற்றி மாட்டச் சொன்னாள். ஒன்று கத்தியது. இன்னொன்றை மாட்டவே எர்மெக் பயந்தான், அதுவும் போயிற்று.

அதோடு விட்டாளா? மிச்சம் இருந்த ஒவ்வொன்றையும் என் வலது கையில் வைத்தாள். "கனமா இருக்காண்ணே? நல்லா சொல்லுங்க."

"என்ன நீ, தர்பூசணி வாங்குறியா?"

"தூக்கிப் பாருங்கன்னா தூக்கிப் பாருங்க. வாய்ல ஏன் தூக்குறீங்க?"

காற்றடிக்கும் பம்போடு சேர்ந்த பெரியது ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தூக்கியதும் கை தானாகக் கீழே இறங்கியது. அவள் அதை வாங்கித் திருப்பி வைத்துவிட்டாள். கடைசியில் ஒரு ரொட்டி அளவில், அலங்காரமே இல்லாத கறுப்புச் சாமான் ஒன்றை எடுத்தாள். எர்மெக், "நல்ல தேர்வுக்கா. ஆனா டீசலுக்கு இது பத்தாது. குளிர்ல கிடந்தா சக்தி இறங்கிடும், வீட்டுக்குள்ள வைங்க. சார்ஜ் இருக்கான்னு அப்பப்போ பாருங்க" என்றான். நல்ல வியாபாரி, பாவம்.

ஊரில் புதுசாக எது வந்தாலும் பார்க்க வருவார்கள், புது மருமகளானாலும் புதுக் கெட்டிலானாலும். பார்த்தவர் பார்த்ததற்காக ஏதாவது கொடுக்க வேண்டும், அதற்குக் கோருன்துக் என்று பெயர். வாங்கி வந்த மறுநாளே மிட்டாய் வந்தது, சோப்பு வந்தது, நான் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பிறகு காட்டாமல் இருக்க முடியுமா? முதல் பனியிலிருந்து தூங்கிக்கொண்டிருந்த வண்டிகளையெல்லாம் சைரகான் தெருத் தெருவாக எழுப்பினாள். ஒவ்வொன்றும் உறுமும்போது கைதட்டல். கடைசியில் ஒருவன் டிராக்டருக்குக் கூப்பிட்டான்.

"டீசல் சைரா, வேணாம். அந்தப் பையன் சொன்னானே" என்றேன்.

"சோப்பு குடுத்திருக்காருண்ணே. இல்லன்னு சொல்ற வாயா இது?"

டிராக்டர் மூன்று முறை இருமியது, கிளம்பவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் திருப்தி. மாமிர் பேட்டரியைக் கழற்ற வந்தபோது, "இனிமே அவனுக்கு மரியாதை எதுக்கு? வெளியவே கிடக்கட்டும். புது விருந்தாளி வந்தாச்சு" என்று அனுப்பிவிட்டாள். புது விருந்தாளியைத் தோரில் வைத்தாள். சார்ஜ் தீர்ந்து அதன் வயிறு காலி என்பதை யாரும் பார்க்கவில்லை.

அதற்கு மறுநாள் என் சிகிச்சை நாள். ஹாரன் வரவில்லை. நானே பனியை மிதித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். எச்சில் துப்பினால் தரையில் கல்லாக விழும் குளிர். சைரகான் பானெட்டைத் திறந்து வைத்து நின்றாள். கிளிப்புகள் மாட்டியிருந்தன. ஸ்டார்ட்டரில் சிவப்பு விளக்கு ஒரு முறை கண் சிமிட்டி அணைந்தது. கார் டிக் என்றதோடு சரி. அவள் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். அவள் பயந்திருந்தாள். எனக்காக ஒருத்தி இப்படிப் பயப்படுகிறாள் என்பது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்தக் குளிரிலும் இதமாக இருந்தது.

"மாமிரு! எந்திரிடா மாமிரு! இஷென் அண்ணன் போகணும்டா!"

அவள் போட்ட சத்தத்தில் நாய்கள் குரைத்தன, ஜன்னல்களில் விளக்கு வந்தது. மாமிர் வந்தான். தன் வீட்டுத் தோரிலிருந்த பேட்டரியைப் பிள்ளையைப் போலக் கம்பளியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். அவன் பின்னால் டிராக்டர்க்காரர் கேபிளோடு ஓடிவந்தார். இன்னும் இரண்டு வீட்டிலிருந்து இரண்டு பேட்டரிகள், சூடு ஆறாமல். நேற்று சோப்பும் மிட்டாயும் கொடுத்தவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"நேத்து எங்க வண்டிய எழுப்புனீங்கல்லக்கா, நகருங்க, நான் மாட்டுறேன்" என்றான் மாமிர். மாட்டினான். கார் ஒரு தரம் முனகி, பிறகு உறுமியது. தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நான் என்ன கோருன்துக் கொடுக்க முடியும்? தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தேன்.

கிஸில்பெல் கணவாயில் வண்டி ஏறும்போது பொழுது வெளுத்தது. சைரகான் ரேடியோ போடவில்லை.

"நாளையோட மாமிரும் போயிடுவான்ணே" என்றாள். "இந்தக் கணவாயில வண்டி நின்னா நீங்களும் நானும்தான். எனக்கு வயிறு இப்படி, உங்களுக்குக் கை அப்படி. அதான் உங்க கையில வச்சுப் பாத்தேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னாலும் நீங்க தூக்கணும், நீங்க மாட்டணும். உங்களால தூக்க முடிஞ்சதைத்தான் வாங்குனேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூட்டைகளைப் பந்தாக எறிந்த காலத்தில்கூட யாரும் என் கையை நம்பி ஒரு பொருள் வாங்கியதில்லை.

"அத வச்சுக்குறது யாரு?" என்றேன். "உங்கிட்ட இருந்தா நாளைக்கு ரயிலக் கிளப்பப் போயிடுவ."

"அப்போ நீங்களே வச்சுக்குங்க!"

மருத்துவமனையில் நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து என்னை முறைத்தாள். ஆனால் என் படுக்கை எனக்காகக் காலியாகவே இருந்தது.

இப்போது ஸ்டார்ட்டர் என் வீட்டில், என் தோரில் தூங்குகிறது. சார்ஜ் பார்ப்பது என் வேலை. விடியுமுன் அதைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு சைரகான் வீட்டுக்குப் போகிறேன். சிவப்பை மாட்டுகிறேன், கறுப்பை மாட்டுகிறேன், வலது கையால் அமுக்குகிறேன். வண்டி உறுமுகிறது. நன்றி சொல்ல அவள் வாயைத் திறந்தால் நான் கையை நீட்டி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுகிறேன்.