கேட்டில் பிடிபட்ட சிவப்பு மாத்திரைகள்

மலாயாவில், கேமரன் மலையில் அவசரகாலம் ஓய்ந்துகொண்டிருந்த கடைசி வருடங்கள் அவை. பிரிஞ்சாங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, போக வர ஒரே ஒரு கேட். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று அரிசி, சோறு, மருந்து எதையும் அந்தக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அந்த வருடம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. புருஷன் நல்லவர், குழந்தை நன்றாக இருந்தது, சொல்லிக்கொள்ள ஒரு குறையும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்து உட்கார்ந்தால் நிற்கத் தோன்றாது. என் குழந்தை அழுதால் பக்கத்து வீட்டில் ஏதோ குழந்தை அழுவதுபோல் இருக்கும். மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். பலனில்லை. வேலைக்குப் போகாமல் இரண்டு வாரம் ஆனதும், பேரை வெட்டிவிடுவேன் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லியனுப்பினார். என் புருஷன் என்னை வேலிக்குள்ளேயே இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே டாக்டர் கிடையாது, காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரசர்தான் எல்லாம். ஊசி போட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அவரோ என் புருஷனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

“இதுக்குப் புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கும்மா. வேலை செய்யுமான்னு இன்னும் தெரியாது. அதைப் பாக்கத்தான் கீழேருந்து பெரிய டாக்டர் வர்றாரு. கொஞ்சம் பேருக்கு நெஜ மாத்திரை, கொஞ்சம் பேருக்குப் பாக்க அதே மாதிரி சும்மா மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்லா, யாரும் ஏசமாட்டாங்க.”

வேண்டாம் என்று சொல்லலாம் என அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதற்காகவே சரி என்று கைநாட்டு வைத்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பெரிய டாக்டர், ஒரு வெள்ளைக்காரர், ராணுவ லாரிகளோடு சேர்ந்து மேலே வருவார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா, வாய் காய்கிறதா என்று வரிசையாகக் கேட்பார். டிரசர் அதைத் தமிழில் சொல்வார். யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல நான் பதில் சொல்வேன். மாத்திரை தின்ன ஆரம்பித்ததிலிருந்து வாய் வறண்டது, கை லேசாக நடுங்கியது. வேறு மாற்றம் தெரியவில்லை. வீட்டில் வைத்தால் மாமியார் கேட்பார் என்று மாத்திரைகளை ஒரு துணியில் முடிந்து இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

மாத்திரை தொடங்கி ஐந்தாவது வாரம் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் காலை, துணியை அவிழ்த்து வைக்க மறந்துபோய்க் கேட்டுக்கு வந்துவிட்டேன்.

பெண்களைச் சோதிக்க அங்கே ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயதிருக்கும், கிறிஸ்தவர். அவர் புருஷன் சென்ற லாரியைத் தாப்பா ரோட்டில் காட்டிலிருந்தவர்கள் சுட்டதில் புருஷன் செத்துப்போனார். பிறகுதான் அவருக்கு இந்த வேலை. சேலைக்குள் கைவிடுகிறவள் என்று எங்களில் யாரும் அவரிடம் முகங்கொடுத்துப் பேசமாட்டோம். அவர் கை என் இடுப்பில் நின்றது. முடிச்சு மேசைக்கு வந்தது. முப்பதுக்கும் மேலே சிவப்பு மாத்திரைகள்.

பக்கத்தில் நின்ற மலாய் சார்ஜண்ட் யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டார். அந்தக் குற்றத்துக்குத் தடுப்பு முகாமுக்குப் போனவர்கள் உண்டு. உண்மையைச் சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். ஆனால் எனக்குப் பின்னால் கூடையோடு அத்தனை பெண்கள் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் நான் பைத்தியக்காரி ஆகிவிடுவேன். அந்தப் பெயர் என் குழந்தைக்கும் ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறக்கவில்லை. ஜீப்பை வரவழைக்க சார்ஜண்ட் போனை எடுத்தார். எனக்குப் பயம்கூட வரவில்லை. வியாதியே அதுதான்.

அந்த அக்கா என் முகத்தையே பார்த்தார். “வாய் காயுதா?” என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். “கை நடுங்குதா?” அதற்கும் தலையாட்டினேன்.

அவர் தன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் கவிழ்த்தார். அதே சிவப்பு மாத்திரைகள். இது மனசு சரியில்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது, நானும் சாப்பிடுகிறேன், டிரசரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று மலாயில் சொன்னார். அவ்வளவு மலாய் வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

டிரசர் எங்கள் பேர் எழுதிய நோட்டோடு ஓடிவந்தார். ஒரு மணி நேரத்தில் என்னை விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நாளில் அந்த அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மனசு சரியில்லாதவளைக் கேட்டில் வைக்க முடியாதாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று யாரும் போய்க் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த முறை டாக்டர் வந்த நாளில், அந்த அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஈப்போவில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாராம். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னாலதானேக்கா?”

“ஒன்னாலயா? நீ எங்க கேட்ட? நான்தானே வாயத் தொறந்தேன்” என்றார். பிறகு சிரித்தார். “எனக்குக் கெடச்சது சும்மா மாத்திரைன்னு நெனைக்கிறேன்லா. டாக்டரு கேக்குற எதுவும் எனக்கு வரல. வாயும் காயல, கையும் நடுங்கல. அன்னிக்கு நீ ஒதட்ட நக்கிக்கிட்டு நின்னத பாத்ததும், சரி, நெஜ மாத்திரை இந்தப் புள்ளைக்குத்தான் போயிருக்குன்னு தெரிஞ்சிச்சு. ஒழுங்கா சாப்புடு, என்னா?”

எனக்கு அழுகை வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு வந்த அழுகை. அவர் தோளில் சாய்ந்து, டாக்டர் கூப்பிடும்வரை அழுதேன்.

சில மாதங்களில் டாக்டர் வருவது நின்றது. அந்த மாத்திரைச் சோதனை என்னவாயிற்று என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் மெல்ல மெல்லத் தேறினேன். அந்த அக்காவை மறுபடி பார்க்கவே இல்லை. அதன் பிறகு லயத்தில் எந்தப் பெண்ணாவது பேச்சற்று உட்கார்ந்துவிட்டால், நான் அவள் வாசலுக்கே போய், நாலு பேர் காதில் விழும்படி, “எனக்கும் இது வந்துச்சு, மருந்து சாப்பிட்டேன்” என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு முறையும், அன்று கேட்டில் நான் விழுங்கிய வார்த்தைகளைத்தான் காலம் கடந்து சொல்கிறேன் என்று தோன்றும்.