இசக்கியம்மாளின் ரிப்போர்ட்

வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, மாட்டுங்காவில் மதிப்போடு வாழ்கிறவன் நான். இட்லி விற்கும் ஒரு பெண்மணியின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கண்டு பொறாமைப்பட்டேன் என்று எழுத எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

தாராவியைச் சேர்ந்த இசக்கியம்மாளும் நானும் ஒரே கிளினிக்கில் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்குகிறவர்கள். சனிக்கிழமைதோறும் அங்கே நடக்கும் உணவுமுறை வகுப்புக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அவர் தவறாமல் போனார். எனக்கு எதற்கு வகுப்பு என்று நான் போகவில்லை. பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு சோற்றையும் இனிப்பையும் நிறுத்திவிடுவேன். சர்க்கரை அளவு அழகாக வரும், டாக்டர் பாராட்டுவார்.

சென்ற முறை புதிய டாக்டர் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை எழுதினார். எனக்கு ஒன்பதைத் தாண்டியிருந்தது. “இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும்” என்றார்.

வெளியே வந்ததும் இசக்கியம்மாள் தன் ரிப்போர்ட்டை நீட்டினார். “கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க சார்.”

ஆறரை. என் நெஞ்சு எரிந்தது.

“சுமார்தான்” என்றேன்.

அவர் முகம் வாடியது. “வகுப்புல சொன்னபடி தட்டுல பாதி காய்தான வச்சேன்? இனி ராச்சோத்தயும் விட்டுர வேண்டியதுதான்.”

மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயங்கி விழுவார் என்பது எனக்குத் தெரியும்.

“வேண்டாம்மா, தப்பா சொல்லிட்டேன். ரொம்ப நன்னா இருக்கு. என்னோடதைவிட.”

அவர் சிரித்துவிட்டார். “அப்ப சனிக்கெழம வாங்க சார். பெஞ்சுல எடம் போட்டு வைக்கேன்.”

இப்போது சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போகிறேன். ஆனாலும், அவருடைய ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகே என் ரிப்போர்ட்டைப் பிரிக்கிறேன்.