கரித்த வண்டி

மரக்காணத்தில் பழைய வண்டி விற்பவர், எனக்கும் என் கணவருக்கும் காட்ட, பின்பக்கம் நீண்ட ஒரு டீசல் காரின் பின்கதவைத் தூக்கினார். சூடான ரெக்சினும் டீசலும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. இரண்டாயிரத்து ஐந்தில் அந்த வாசனை எதிர்வீட்டு ஜெயந்திக்கு மட்டுமே சொந்தம்.

அப்போது எனக்குப் பத்து வயது. உப்பு மூட்டை ஏற்றவும், தண்ணீர் இறைக்கிற இன்ஜினை டிரெய்லரில் வைத்து இழுக்கவும் அப்பா இதே மாதிரி ஒரு பழைய வண்டியைப் பார்த்தார். உப்பளத்துக்காரர்கள் வழக்கப்படி அடிப்பாகத்தை விரலால் தடவி நக்கினார். கரித்தால் அது கடலோரத்தில் ஓடிய வண்டி, சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

“கரிக்குது, வேணாம்” என்றார்.

மறுநாளே ஜெயந்தியின் அப்பா அதை வாங்கிவிட்டார். “ஏம்பா, உப்பு வாரின கையோட வந்து நக்கினா எந்த வண்டிதான் கரிக்காது?” என்று தெருவே கேட்கச் சிரித்தார்.

திறந்திருந்த பின்பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, நடந்து போகிற எனக்குக் கை காட்டிக்கொண்டே ஜெயந்தி பள்ளிக்கூடம் போவாள். எனக்கு வயிறு எரியும். தினமும் குனிந்து துருவைத் தேடினேன். ஒருநாள் ஒரு சொம்பு உப்புத்தண்ணீரைக்கூட அடியில் வீசினேன். பாழாய்ப்போன வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

“புடிச்சிருக்கா?” என்றார் என் கணவர். அவருக்கு மீன் பெட்டி ஏற்ற வண்டி வேண்டும். நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, அடியில் தடவி நக்கினேன். கரிக்கவில்லை.

ஓட்டிப் பார்க்க அவர் சாவியை வாங்கினார். நான் பின்னால் ஏறிக் காலைத் தொங்கப்போட்டேன்.

“ஜெயந்தி வீட்டு வழியா போங்க” என்றேன். “மெதுவா.”