இரண்டு சாக்கு ஆளி

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. "உன் நெழலு பின்னால வந்துக்கினு இருந்தாலும் எதுக்கு வர்றேன்னு கேப்பே நீ" என்பார் நைனா. வெதுருகுப்பத்திலிருந்து திருப்பதிக்கு வந்து ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, இந்தக் குணம் படிப்புக்காவது உதவுமே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கடலோரத்தில் புதுத் தொழிற்சாலைகள் மளமளவென்று முளைத்த வருஷங்கள் அவை. கடலில் ஈயம் கலக்கிறதா என்று ஆளியை வைத்துக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை. கல்லில் ஒட்டிக்கொண்டு நாளெல்லாம் கடல்நீரை உறிஞ்சி வடிகட்டுகிற சிப்பி அது. தண்ணீர் வெளியே போய்விடும், ஈயம் சதையில் தங்கிவிடும். சதையைக் காயவைத்து மிக்சியில் பொடித்து அளந்து பார்ப்போம்.

ஆளி கொண்டுவந்தவர் ஒரு மீனவர். வாரம் ஒருமுறை, எது எந்த இடம் என்று தெரிய வெவ்வேறு சாயக் குறி போட்ட இரண்டு ஈரச் சாக்குகளோடு பஸ்ஸில் வருவார். ஒன்று தொழிற்சாலைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்தில் எடுத்தது. இன்னொன்று படகில் வெகுதூரம் வடக்கே போய், சுத்தமான இடம் என்று நாங்கள் குறித்துக்கொடுத்த பழைய துறைக் கற்களில் எடுத்தது. அவர் தம்பிகள் எல்லாரும் கட்டட வேலைக்கு மெட்ராஸ் போய்விட்டார்கள். "இந்த வேல இருக்கறதாலதாம்மா நான் பொண்டாட்டி புள்ளைங்களோட ஊர்ல கீறேன்" என்பார்.

பூஜை விடுமுறை முடிந்து வந்த சாக்குகளில் சுத்தமான இடத்து ஆளியிலும் ஈயம் எகிறியது. மறுவாரமும் அப்படியே. எனக்கு உடனே பொறி தட்டியது. படகுக்கு டீசல் மிச்சம், அலைச்சல் மிச்சம். மனுஷன் கால்வாய் வாயிலேயே இரண்டு சாக்கையும் நிரப்பிவிட்டார்!

"அண்ணா, ரெண்டும் ஒரே எடத்துல அள்ளினதுதானே?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ, இல்லம்மா. அவ்ளோ தூரம் போய்த்தான் எடுத்துக்கினு வர்றேன்."

திருட்டு முழி என்று அதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரிடம் சொன்னேன். "நிஜமாம்மா?" என்று தெலுங்கில் ஒருமுறைதான் கேட்டார். நான் சத்தியம் செய்யாத குறை. அடுத்த வாரத்திலிருந்து வேறு ஆள்.

புது ஆள் கொண்டுவந்ததிலும் ஈயம் குறையவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டு, அவரையும் நம்பாமல் நானே படகில் போனேன். வழியெல்லாம் வாந்தி எடுத்து, துறைக் கல்லில் என் கையால் பிய்த்து வந்தேன். அதிலும் ஈயம்! ஆளியே போடாமல், ஈயம் இல்லை என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்த மாவை மிக்சியில் ஓடவிட்டு அளந்தேன். ஈயம் இருந்தது.

மிக்சி மூடியின் ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பினேன். இடுக்கில் சிவப்பாக அப்பியிருந்தது. ஆயுத பூஜையன்று தராசு, அடுப்பு, மிக்சி என்று ஒன்று விடாமல் குங்குமம் வைத்தவள் நான்தான். தெருவோரத்தில் வாங்கிய மலிவுப் பாக்கெட். அதையும் அளந்தேன். அத்தனை ஈயமும் அதில்தான். ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு சாமி குங்குமத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

பேராசிரியர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா" என்றார். பஸ் மாறி மாறி அந்த மீனவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றாள்.

"அவரு மஸ்கட் போயி பத்து நாளாவுதும்மா. மூணு வருசம் கழிச்சித்தான் வர முடியும்."

குங்குமக் கதையைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். கண்டபடி ஏசுவாள் என்று காத்திருந்தேன், ஏசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ரெண்டு சாக்கும் நனைஞ்சி சாயம் போனா ஒரே மாதிரி ஆயிடுதேன்னு தலையில அடிச்சிக்கினாரு. படிச்ச பொண்ணு பொய் சொல்லாது, நான்தான் எங்கியோ மாத்தி வெச்சிட்டேன்னு சொல்லிக்கினே போனாரும்மா."