சனிக்கிழமை ஐந்து மணி நாடகம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வாடகைக்கு எடுத்த அலைவரிசையொன்றில், சனி ஞாயிறு பின்னேரங்களில் இரண்டு மணி நேரம் தமிழ் வானொலி நடத்தினோம். முதலாளி லண்டன் டூட்டிங்கில் கசெற் கடை வைத்திருந்த அண்ணை. கடையின் பின்னறைச் சுவரில் எதிரொலி வராமலிருக்க முட்டை அட்டைகளை ஒட்டிவிட்டு அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தோம்.

இரண்டு மணி நேரத்தையும் நாங்களே பேசி நிரப்ப முடியாது. எல்லோருக்கும் வேலை, ஷிப்ட். நான் ஹவுன்ஸ்லோவில் விமானத்துக்குப் போகிற சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அதனால் சென்னையில் தயாரித்து ஊர் ஊராக வானொலிகளுக்கு அனுப்புகிற நிகழ்ச்சிகளை வாங்கிப் போடுவோம். ஒரே ஒலிநாடா சிங்கப்பூரிலும் ஓடும், டொரோண்டோவிலும் ஓடும், எங்களிடமும் ஓடும். எதை எடுப்பது, எதை விடுவது என்று கேட்டுச் சொல்வது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு என் வாயால் வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வந்த நாடாவை ஒருவரும் கேட்டுப் பார்க்காமல் அப்படியே போட்டுவிட்டார்கள். சென்னை வைத்தியர் ஒருவர், வெயில் கொளுத்துகிறது, மத்தியானத்தில் வெளியே தலைகாட்டாதீர்கள், நிறைய மோர் குடியுங்கள் என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைப் போன் ஓயவில்லை. மோர் எங்கே வாங்கலாம் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. இந்தக் கண்டறியாத வேலையை ஒழுங்காகச் செய்ய இங்கே ஒரு ஆள் இல்லையா என்று கத்திவிட்டேன். அப்படியென்றால் நீரே கேளும் தங்கச்சி என்றார் அண்ணை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நான் நாடாக்களை ஸ்டூடியோவில் கேட்பதில்லை. அங்கே உட்கார்ந்து கேட்டால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். எங்கள் ஆட்கள் வானொலி கேட்பது சமையலறையில். ஆகவே மூன்று வீட்டுச் சமையலறைகளுக்கு நாடாவைக் கொண்டுபோவேன். போட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டேன். கேட்டால் மரியாதைக்கு நல்லது என்பார்கள். கையைப் பார்ப்பேன். வெங்காயம் வெட்டுகிற கை நிற்காமல் ஓடினால் நிகழ்ச்சி அவுட். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தால் தேறிவிட்டது. இந்த முறையில் எனக்குப் பெரிய பெருமை. இதைவிடச் சரியான பரீட்சை இல்லை என்று அண்ணையிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒரு முறை ஆறு நிகழ்ச்சிகள் கொண்ட ஒரு பொதி வந்தது. இரண்டை வேண்டாமென்று விடலாம். ஆனால் அதிலிருந்த தொடர்நாடகத்தை விடக்கூடாது, அது சனிக்கிழமை ஐந்து மணிக்கே போகவேண்டும், ஏனென்றால் அவர்களுடைய விளம்பரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன என்று கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள்.

சனிக்கிழமை ஐந்து மணி, எங்களோடு நிகழ்ச்சி செய்த பிளேஸ்டோ அக்காவின் நேரம். அவர் ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்தார். கிழமை முழுக்க மற்றவர்களின் படுக்கை விரிப்புகள். சனிக்கிழமை பதினைந்து நிமிடம் மட்டும் மாமி, மருமகள், கவுன்சில் அலுவலக வெள்ளைக்காரி என்று மூன்று குரலிலும் தானே பேசி, தானே எழுதிய நாடகம் ஒன்றைப் போடுவார். கறிவேப்பிலை வாங்கப் போனால்கூட, குரலை வைத்தே ஆளைப் பிடித்து, நீங்கள்தானே அந்த மாமி என்று மறித்துக் கதைப்பார்கள். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, தொடக்கத்தில் நாங்கள் வயிறு நோகச் சிரித்த நாடகம்தான். ஆனால் கடைசி நாலைந்து மாதமாக மாமியும் மருமகளும் ஒரே குசினியில் ஒரே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியும். அண்ணைக்கும் தெரியும். அதனால் அதை வேறு நேரத்துக்கு மாற்றுவோம் என்று இருவரும் சொல்லவில்லை. அவர் முடிவை என் தலையில் போட்டார். வீடுகளில் நாடகம் பிடித்தால் எடுப்போம், பிடிக்காவிட்டால் பொதியைத் திருப்பி அனுப்புவோம் என்றார்.

டூட்டிங் வீட்டில் குழாயை மூடினார்கள். ஹவுன்ஸ்லோவில் சோறு அடிப்பிடித்தது.

மூன்றாவது வீடு அக்காவின் வீடு. எப்போதும் அதுதான் மூன்றாவது, எங்கள் எல்லோரிலும் நல்ல காது அவருக்குத்தான். போகாமல் விட்டால்தான் பிழை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. அவருக்கு அது பிடிக்கக்கூடாது என்று ஆசைப்பட்டேன். பிடிக்கவில்லை என்று அவர் ஒரு சொல் சொன்னால் பொதியைத் திருப்பிவிடலாம், பழி என்மேல் வராது. இது எந்த நேரத்துக்கு வருகிற நாடகம் என்று மட்டும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி நான்.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். பிறந்தவுடன் தன்னை விட்டுப்போன தாயைத் தேடி, ஒரு வீட்டுக்கு வேலைக்காரியாகப் போகிற பெண்ணின் கதை. ஐந்து நிமிடத்தில் குழாய் நின்றது. பத்து நிமிடத்தில் ஈரக்கையோடு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். முதல் பாகம் முடிய, அடுத்ததையும் போடச் சொன்னார். அதுவும் முடிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒண்டு எழுத வராது. எனக்கும் வராது. யோசிக்காமல் போடும் பிள்ளை."

தலையாட்டிவிட்டு நாடாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணையிடம் போய் மூன்று வீட்டிலும் தேறிவிட்டது என்று சொன்னேன். அவர் அன்றே சென்னைக்கு ஓம், எடுக்கிறோம் என்று ஃபாக்ஸ் அனுப்பினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பிளேஸ்டோவுக்குப் போனேன். அக்கா வேலையால் வந்த கையோடு, அடுத்த கிழமை நாடகத்தை வாசித்துக்காட்ட எடுத்துவைத்திருந்தார். அவர் தொடங்குமுன் சொல்லிவிட்டேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வாசற்கதவடியில் நின்றபடி. இனி அவருடைய நேரத்தில் வேறு நாடகம் போகும் என்றேன். எந்த நாடகம் என்று கேட்டார். அன்றைக்குக் கேட்டதுதான் என்றேன்.

அவர் கையிலிருந்த தாள்களை மடித்தார்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம். சரியில்லை எண்டு ஒரு பொய் சொல்லியிருப்பன்."

"நீங்கள் அப்பிடிப் பொய் சொல்லுற ஆள் இல்லை அக்கா" என்றேன். அவரைப் புகழ்ந்து நான் தப்பப் பார்த்தது எனக்கே கேட்டது.

"சொல்லியிருப்பன்" என்றார். "இனிக் கடையில ஆர் என்னை மறிச்சுக் கதைக்கப் போகினம்? அதுக்காக ஒரு பொய் சொல்ல மாட்டனோ?"

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், இரண்டு கிழமையில் சமாதானமாகியிருப்போம். அவர் எழுதிவைத்த தாள்களை அலுமாரிக்குள் வைத்தார். பிறகு, அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் தாய் கிடைக்கிறாளா என்று கேட்டார். நான் எல்லாப் பாகமும் கேட்டிருந்தேன். கிடைக்கிறாள் என்றேன். முடிவு தெரிந்துவிட்டது, இனிச் சனிக்கிழமைகளில் தனக்கு றேடியோ தேவையில்லை என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.

நாடகம் பதின்மூன்று கிழமை ஓடியது. நல்ல வரவேற்பு. போன் அடித்தபடியே இருந்தது. அக்கா எங்கே, அந்த மாமி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பதின்மூன்று கிழமையும் பிளேஸ்டோவுக்குப் போய், உங்களைக் கேட்டு இரண்டு பேர் போன் எடுத்தார்கள் அக்கா என்று ஒரு பொய் சொல்ல நினைத்தேன். ஒரு கிழமைகூடப் போகவில்லை.