குசினிக்குள் ஒளித்து வைத்த மோட்டர்

எங்கள் மில்லுக்குள் நாங்களே சேற்றை அள்ளிப் போட்டோம். வெள்ளம் கொண்டுவந்த சேற்றை எப்போதோ கழுவித் தள்ளிவிட்டோம். மானியத்துக்குப் பார்வையிட பிரதேச செயலகத்திலிருந்து ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதும், வாவிக்கரைக்குப் போய் வாளியில் சேறு எடுத்து வந்து நிலமெல்லாம் பூசியவர் என் வீட்டுக்காரர். வாளி பிடித்துக் கொடுத்தவள் நான். இப்போது கேட்டால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வவுணதீவுப் பக்கம் அரிசிமாவும் காரக் கொச்சிக்காய்த்தூளும் அரைக்கிற சின்ன மில் எங்களுடையது. வெள்ளத்தில் மோட்டர் பழுதாகிப் போனது. ஒரு பக்கச் சுவரும் விழுந்தது. வங்கியில் குறைந்த வட்டிக்குக் கொடுத்த வெள்ள நிவாரணக் கடனை எடுத்துப் புது மோட்டர் வாங்கினோம். சுவர் எழுப்ப அதில் மிச்சமில்லை. சுவர் இல்லாமல் மில்லைத் திறந்தால் மழைச்சாரல் அடித்து மா எல்லாம் களியாகிவிடும். திறக்காவிட்டால் கடனை எதை வைத்துக் கட்டுவது? அரசாங்க மானியம் ஒன்றுதான் வழி.

அந்த நேரம் பார்த்து ஊரில் ஒரு கதை கிளம்பியது. கடன் எடுத்தவர்களுக்கு மானியம் வெட்டாம். யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பாலத்தடியிலும் அதே கதை, கோயிலடியிலும் அதே கதை. பக்கத்து வளவில் தையல் கடை வைத்திருக்கும் என் மச்சாளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். தான் ஒரு கடனும் எடுக்கவில்லை என்று கண்ணை உருட்டிச் சொன்னாள். நானும் எடுக்கவில்லை என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்தேன். பிறகுதான் புது மோட்டரைக் குசினிக்குள் இழுத்துப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சாக்கால் மூடியதும், சேறு பூசியதும்.

வந்தவர் இளம் பெண் உத்தியோகத்தர். விழுந்த சுவரைப் படம் எடுத்தார், பழுதான மோட்டரையும் எடுத்தார். மில்லைத் திரும்ப ஓட்ட என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை மிஸ், எல்லாம் போச்சு என்று என் வீட்டுக்காரர் அழாக்குறையாக இழுத்தார். எனக்கு அந்தக் குரலைக் கேட்கவே பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப தொழில் நிண்டுபோச்செண்டுதான் எழுதணும். இது திரும்பத் தொழில் செய்றாக்களுக்குத்தான் குடுக்கிற," என்றார் மிஸ்.

கெட்டித்தனம் என்று நினைத்துச் செய்ததெல்லாம் எங்கள் தலையிலேயே விழப்போகிறது. வீட்டுக்காரர் கண்ணைக் காட்டி என்னைத் தடுத்தார். தடுத்தால் நிற்கிற ஆளா நான்?

"மோட்டர் குசினிக்குள்ள கிடக்கு மிஸ். லோன் எடுத்து வாங்கின. லோன் எடுத்தா மானியம் இல்லையெண்டு சொன்னாங்க, அதான் ஒளிச்சி வச்ச."

மிஸ் என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தில் கிடந்த சேற்றைப் பார்த்தார். எங்கே கண்மண் தெரியாத கோபம் வரப்போகிறதோ என்று பயந்தேன். வரவில்லை. கடன் வேறு, மானியம் வேறு, இந்த உதவியில் இரண்டையும் எடுக்கலாம் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார். ஒரே சாமானுக்கு இரண்டு பக்கமும் கேட்கத்தான் கூடாதாம். மோட்டர் கடனில் வந்துவிட்டதால் மானியத்துக்குச் சுவரை எழுதினார். குசினிக்குள் வந்து மோட்டரையும் படம் எடுத்தார். அப்பாடா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் ஏன் ஒருவரும் நேரே போய்க் கேட்கவில்லை என்று எங்கள் எல்லார் மேலும் கோபமும் வந்தது.

அடுத்து எங்கே போகிறீர்கள் மிஸ் என்று கேட்டேன். பக்கத்துத் தையல் கடைக்கு என்றார். அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வேலியில் இருந்த பொட்டுக்குள்ளால் ஓடினேன். மச்சாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கடை நிலத்தில் சேறு பூசிக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், புது மெசினை வெளியில எடு."

"எந்த மெசின்?"

"எங்கட குசினிக்குள்ள ஒரு மோட்டர் கிடக்குகா," என்றேன்.

மச்சாள் சேற்றுக் கையோடு வீட்டுக்குள் போய், மெசினை மறைத்துப் போட்டிருந்த கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.